ஹை டாப் மௌண்டன் (இசைத்தொகுப்பு)

ஹை டாப் மௌண்டன் என்பது அமெரிக்கப் பாடகரும் பாடலாசிரியருமான ஸ்டர்ஜில் சிம்ப்சன் தம் பெயரில் வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பு. 2013 ஜூன் 11 அன்று வெளிவந்தது. இதில் 12 பாடல்கள் உள்ளன. தயாரித்தவர் டேவ் காப். பெரிய இசைத்தட்டு நிறுவனம் எதுவும் இதன் பின்னால் இல்லை. பாடகரே கைப்பணத்தைப் போட்டுப் பதிவுசெய்து, அதே பெயரில் தாம் தொடங்கிய சிறு நிறுவனத்தின் வழியாக வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 35. முதல் தொகுப்புக்கு அது சற்று முதிர்ந்த வயதுதான்.

கண்ட்ரி இசையைத் தமிழில் நாட்டுப்புற இசை என்று சொல்லிவிடுவது வழக்கம். அது முழுப் பொருத்தமில்லை. நாட்டுப்புறப் பாடலைக் கட்டியவர் யாரென்று பெரும்பாலும் தெரியாது. கண்ட்ரி பாடலுக்கு எழுதியவர் பெயர் உண்டு, உரிமைத்தொகை உண்டு, விற்பனைப் பட்டியல் உண்டு. மலைக்கிராமப் பாடல்களில் வேர்கொண்டு, வானொலியாலும் இசைத்தட்டாலும் வளர்ந்த தொழில்முறை இசை அது. ஆகவே இங்கு கண்ட்ரி என்ற சொல்லே ஆளப்படுகிறது. அதிலும் இத்தொகுப்பு மரபுக் கண்ட்ரி எனப்படும் வகையைச் சேர்ந்தது. 1950 முதல் 1970கள் வரை வழங்கிய பாணியில், பிடில், ஸ்டீல் கிட்டார், பியானோ ஆகியவற்றின் துணையுடன், கதை சொல்லும் பாடல்களாக அமைந்தது.

பழைய பாணியில் பாட்டுக்கட்டுவோர் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள். அவர்களுள் பலர் பழைய உடுப்பை எடுத்து மாட்டிக்கொள்பவர்கள். இத்தொகுப்பு அப்படி ஒரு வேடமா, அல்லது தன் வீட்டுப் பேச்சிலேயே ஒருவர் பாடியதா என்ற கேள்வி அது வெளிவந்த நாள் முதல் எழுப்பப்பட்டது. அதற்கான விடை பெரும்பாலும் தொகுப்பின் பெயரிலேயே இருக்கிறது.

பெயர்

ஹை டாப் மௌண்டன் என்பது ஒரு கல்லறைத் தோட்டத்தின் பெயர். கென்டக்கி மாநிலத்தின் கிழக்கே, பிரெத்திட் மாவட்டத்தின் தலைநகரான ஜாக்சன் என்ற சிற்றூரின் அருகே அது உள்ளது. சிம்ப்சனின் உறவினர் பலர் அங்கு அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். 1978 ஜூன் 8 அன்று ஜாக்சனில் பிறந்த சிம்ப்சன், முதல் தொகுப்புக்கு முன்னோரின் இடுகாட்டுப் பெயரை வைத்தார். தம் நிறுவனத்துக்கும் அதையே வைத்தார். விற்பனைக்கு உகந்த பெயரென்று எந்த விளம்பர அலுவலரும் இதைப் பரிந்துரைத்திருக்க மாட்டார்.

ஜாக்சன் இருப்பது அப்பலாச்சியா மலைத்தொடரின் மேற்குச் சரிவில். குறுகிய பள்ளத்தாக்குகளும் ஓடைகளும் நிறைந்த நிலம் அது. உழவுக்கு ஏற்ற சமவெளி குறைவு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து வழிவந்த குடியேறிகள் அங்கு குடியமர்ந்தனர். அவர்கள் கொண்டுவந்த கதைப்பாடல்கள், வெளியுலகத் தொடர்பு குறைந்த அந்தப் பள்ளத்தாக்குகளில் தாய்நாட்டில் மறைந்த பின்னும் வழங்கி வந்தன. ஆங்கில நாட்டுப்புறப் பாடல் அறிஞரான செசில் ஷார்ப் 1916 முதல் 1918 வரை இம்மலைப்பகுதிகளில் நடந்து திரிந்து பாடல்களைத் திரட்டினார். இங்கிலாந்தில் கிழவர் கிழவிகளின் வாயில் மட்டுமே எஞ்சியிருந்தவற்றை இங்கு சிறுவர்களும் பாடக் கேட்டு அவர் வியந்தார்.

அந்த வளம் இன்றுவரை வற்றவில்லை. நிலக்கரித் தொழிலாளியின் மகளான லொரெட்டா லின், ரிக்கி ஸ்காக்ஸ், கீத் விட்லி, பேட்டி லவ்லெஸ், டுவைட் யோகம் ஆகியோர் கிழக்குக் கென்டக்கியின் அடுத்தடுத்த சில மாவட்டங்களில் பிறந்தவர்கள். பின்னாளில் புகழ்பெற்ற கிறிஸ் ஸ்டேப்பில்டனும் டைலர் சில்டர்ஸும் அப்பகுதியினரே. அவ்வழியே செல்லும் 23ஆம் எண் நெடுஞ்சாலைக்குக் கென்டக்கி அரசு கண்ட்ரி இசை நெடுஞ்சாலை என்றே பெயர் சூட்டியிருக்கிறது. மக்கள்தொகை குறைந்த, ஏழ்மை மிகுந்த ஒரு மூலையிலிருந்து இத்தனை பேர் வந்ததற்கு இசை நிறைந்த வீடுகளும் தேவாலயங்களும் ஒரு காரணம். பிழைக்க வேறு வழி குறைவு என்பது இன்னொரு காரணம்.

நிலக்கரி

இருந்த ஒரே பெரிய வழி நிலக்கரிதான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இருப்புப்பாதை மலைக்குள் நுழைந்தது. அதன் பின்னே சுரங்க நிறுவனங்கள் வந்தன. நிறுவனம் கட்டிய வீடு, நிறுவனத்தின் கடை, பல இடங்களில் நிறுவனமே அச்சிட்ட கூலிச்சீட்டு என்று ஒரு வாழ்க்கைமுறை உருவானது. 1930களில் ஹார்லன் மாவட்டத்தில் தொழிற்சங்கம் அமைக்க முயன்றவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து, அம்மாவட்டத்துக்கு இரத்த ஹார்லன் என்ற பெயரே நிலைத்தது. சுரங்கத் தூசியால் நுரையீரல் கறுத்து மூச்சுத்திணறிச் சாகும் நோய்க்கு இழப்பீடு தரும் கூட்டரசுச் சட்டம் வர 1969 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சிம்ப்சனின் தாய்வழிக் குடும்பம் சுரங்கத் தொழிலாளர் குடும்பம். தந்தை மாநிலக் காவல்துறையில் போதைப்பொருள் தடுப்புப் பணியில் இருந்தவர். அவரது பணியின் பொருட்டுக் குடும்பம் லெக்சிங்டன் நகருக்கு அருகிலுள்ள வெர்செய்ல்ஸ் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. பெயர் பிரான்சு நாட்டு அரண்மனையின் பெயர்தான். ஆனால் கென்டக்கியில் அதை வெர்செய்ல்ஸ் என்றே உச்சரிப்பார்கள். குதிரைப் பண்ணைகள் சூழ்ந்த வளமான ஊர் அது. ஆக, சிறுவன் வளர்ந்தது ஓரிடம், உறவின் வேர் இருந்தது வேறிடம். மலையை விட்டு வந்தவனின் ஏக்கம் தொகுப்பு முழுதும் ஓடுகிறது.

2011க்குப் பின் கிழக்குக் கென்டக்கியின் நிலக்கரித் தொழில் சரிந்தது. பாறைகளை உடைத்து எடுக்கப்பட்ட எரிவாயு மலிந்ததால் மின்நிலையங்கள் அதற்கு மாறின. வயோமிங் மாநிலத்தில் தடித்த படிவங்களிலிருந்து மேற்பரப்பிலேயே வெட்டப்படும் கரி விலை குறைவாகக் கிடைத்தது. கென்டக்கியின் படிவங்களோ மெலிந்துபோயிருந்தன. புகை வெளியேற்றக் கட்டுப்பாடுகளும் இறுகின. அதன்பின் வந்த நான்கைந்து ஆண்டுகளில் அங்கு சுரங்க வேலையில் இருந்தோர் தொகை பாதிக்கும் கீழே இறங்கியது. அதற்குச் சற்று முன்பே வேறொரு கேடும் மலைக்குள் நுழைந்திருந்தது. 1996இல் சந்தைக்கு வந்த ஆக்ஸிகான்டின் என்ற வலிநீக்கி மாத்திரை, உடல்வலியோடு வாழ்ந்த சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களில் பரவி, போதைப் பழக்கமாக வேரூன்றியது. அம்மருந்தின் அடிமைப்படுத்தும் தன்மையை மறைத்து விற்றதாக 2007இல் அதன் தயாரிப்பு நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

இந்தப் பின்னணி இல்லாமல் தொகுப்பின் பத்தாவது பாடலான ஓல்டு கிங் கோல் பாடலைப் புரிந்துகொள்ள முடியாது. ஆங்கிலக் குழந்தைகள் பாடும் பழைய பாட்டொன்றில் கோல் என்ற பெயருடைய குதூகலமான ஓர் அரசன் வருவான். ஆங்கிலத்தில் கரியைக் குறிக்கும் சொல்லும் அதே ஒலியுடையது. அந்தச் சிலேடையில், மலையை ஆண்ட அரசன் கரியாகிறான். பாடலில் வரும் கொள்ளுத்தாத்தா சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்தவர். பாடுபவனோ அந்த நுரையீரல் நோயால் சாகாத முதல் தலைமுறைகளில் ஒருவன். அதற்காக அவன் மகிழவுமில்லை. கரியோடு வந்த துன்பமும் கரி போனபின் வந்த துன்பமும் ஒரே பாடலில் அருகருகே நிற்கின்றன. மொட்டையடிக்கப்பட்ட மலையும், அரசு உதவித்தொகையும் மாத்திரையும் தவிர வேறொன்றும் மிஞ்சாத ஊரும் அதில் வருகின்றன. நிலக்கரி நிறுவனத்தை எதிர்க்கும் பாடல்களும் தொழிலாளியின் பெருமை பேசும் பாடல்களும் கென்டக்கியில் ஏற்கனவே ஏராளம். மெர்ல் டிராவிஸ் 1946இல் பதிவுசெய்த சிக்ஸ்டீன் டன்ஸ் உலகப் புகழ் பெற்றது. அடுத்த மாவட்டமான பெர்ரியைச் சேர்ந்த ஜீன் ரிச்சி சுரங்கங்களால் கறுத்த ஓடைகளைப் பற்றிப் பாடினார். அந்த வரிசையில் சிம்ப்சனின் பாடல் கடைசியாக வந்தது. முன்னோர் சுரங்கம் இருந்தபோது பாடினார்கள், இவர் அது மூடியபின் பாடினார்.

நாஷ்வில்லுக்கு வந்த வழி

பள்ளிப்படிப்பை முடித்ததும் சிம்ப்சன் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்து மூன்றாண்டுகள் பணியாற்றினார். அதில் ஒரு பகுதி ஜப்பானில் கழிந்தது. பின்னர் வாஷிங்டன் மாநிலத்தில் உணவகம் ஒன்றில் வேலை. 2004இல் லெக்சிங்டன் திரும்பி சண்டே வேலி என்ற இசைக்குழுவைத் தொடங்கினார். ராக் வேகமும் மலைநாட்டு இசையும் கலந்த குழு அது. பிழைப்புக்கு அது போதவில்லை. யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் நகருக்குப் போய், யூனியன் பசிபிக் இருப்புப்பாதை நிறுவனத்தின் சரக்கு முற்றத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கு மேலாளர் நிலைக்கும் உயர்ந்தார். நிலையான சம்பளம், அலுவலகப் பொறுப்பு என்று இசை ஏறக்குறைய நின்றுபோன காலம் அது.

அவரை மீண்டும் பாட அனுப்பியவர் அவரது மனைவி. நாற்பது வயதில் முயலாமல் விட்டதை எண்ணி வருந்துவதைவிட இப்போதே முயன்று பார்க்கலாம் என்பது அவரது வாதத்தின் சாரம். இருவரும் நாஷ்வில் நகருக்குக் குடிபெயர்ந்தனர். சண்டே வேலி 2011இல் ஒரு தொகுப்பை வெளியிட்டு, 2012இல் கலைந்தது. அதன்பின்தான் சிம்ப்சன் தம் பெயரில் பாட முடிவுசெய்தார்.

தயாரிப்பாளர் டேவ் காப் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்தவர். லாஸ் ஏஞ்சலஸில் இருந்தபோது, கண்ட்ரி மேதை வேலன் ஜென்னிங்ஸின் மகன் ஷூட்டர் ஜென்னிங்ஸின் முதல் தொகுப்பைத் தயாரித்து 2005இல் கவனம் பெற்றார். 2011இல் நாஷ்வில்லுக்கு வந்தார். நாஷ்வில்லின் வழக்கமான பதிவுமுறையில் கருவிகள் தனித்தனியே பதிவாகி, குரலின் சுருதி கணினியில் திருத்தப்பட்டு, எல்லாம் பின்னர் ஒட்டப்படும். காப் அதற்கு மாறாக, கலைஞர்கள் ஒரே அறையில் அமர்ந்து சேர்ந்து வாசிப்பதைப் பதிவுசெய்ய விரும்புபவர். குறை இருந்தால் இருக்கட்டும், உயிர் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

அறையில் இருந்தவர்கள்

இத்தொகுப்பில் பியானோ வாசித்தவர் ஹார்கஸ் ராபின்ஸ். பட்டப்பெயர் பிக், அதாவது பன்றி. 1938இல் டென்னசி மாநிலத்தில் ஸ்பிரிங் சிட்டி என்ற ஊரில் பிறந்தார். சிறுவயதில் கத்தியால் நேர்ந்த விபத்தில் பார்வை இழந்தார். நாஷ்வில்லில் இருந்த டென்னசி பார்வையற்றோர் பள்ளியில் பியானோ கற்றார். பள்ளியின் தீயணைப்பு வழிக்குள் ஊர்ந்து விளையாடி உடம்பெல்லாம் அழுக்காகத் திரும்பும் சிறுவனுக்கு அங்கு கிடைத்த பெயர்தான் அது. வாழ்நாள் முழுதும் அவர் அதை மறைக்கவில்லை; இசைத்தட்டு உறைகளிலும் அப்பெயரே அச்சானது.

ஜார்ஜ் ஜோன்ஸின் ஒயிட் லைட்னிங் 1959இல் முதலிடம் பிடித்தபோது அதில் பியானோ வாசித்தவர் ராபின்ஸ். 1966இல் பாப் டிலன் நாஷ்வில்லுக்கு வந்து பிளாண்ட் ஆன் பிளாண்ட் தொகுப்பைப் பதிவுசெய்தபோதும் அவர் இருந்தார். சார்லி ரிச்சின் பிஹைண்ட் க்ளோஸ்டு டோர்ஸ், கிறிஸ்டல் கேலின் டோன்ட் இட் மேக் மை பிரவுன் ஐஸ் புளூ ஆகியவற்றின் தொடக்கத்தில் கேட்கும் பியானோவும் அவருடையதே. பாடகர் பெயரை உலகம் அறியும், பின்னால் வாசித்தவரை அறியாது என்ற நிலைக்கு அவர் சிறந்த எடுத்துக்காட்டு. 2012இல் கண்ட்ரி இசைப் புகழ்மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. அடுத்த ஆண்டு வெளிவந்த, யாரும் அறியாத ஒரு புதுப்பாடகரின் கைச்செலவுத் தொகுப்பில் அவர் வாசித்திருந்தார். 2022 ஜனவரியில் காலமானார்.

ஸ்டீல் கிட்டார் வாசித்தவர் ராபி டர்னர். வேலன் ஜென்னிங்ஸுடன் நெடுங்காலம் வாசித்தவர். ஜென்னிங்ஸ், வில்லி நெல்சன், ஜானி கேஷ், கிறிஸ் கிறிஸ்டோபர்சன் ஆகிய நால்வர் சேர்ந்த ஹைவேமென் குழுவிலும் இடம்பெற்றவர். ஸ்டீல் கிட்டார் ஹவாய்த் தீவுகளிலிருந்து வந்த கருவி. விரலால் தந்தியை அழுத்தாமல், எஃகுத் துண்டைத் தந்திமேல் வழுக்கி வாசிப்பது; நம் கோட்டு வாத்தியம் வாசிக்கும் முறையை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். 1950களில் அதில் மிதிகட்டைகள் சேர்ந்தன. ஒரு தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மிதிகட்டையால் அதன் சுருதியை ஏற்றி இறக்கலாம். 1954இல் வெப் பியர்ஸ் பாடிய ஸ்லோலி என்ற பாடலில் பட் ஐசக்ஸ் இவ்வாறு வாசித்ததைக் கேட்ட பின், கண்ட்ரி இசையின் அழுகுரலே அந்தக் கருவியாகிவிட்டது. 2013இல் வானொலியில் அந்த ஒலி அரிதாகியிருந்தது.

ஆக, சிம்ப்சன் பழைய இசைத்தட்டுகளைக் கேட்டு அதைப்போல் வாசிக்கத் தெரிந்த இளைஞர்களைத் தேடவில்லை. அந்த இசைத்தட்டுகளில் வாசித்தவர்களையே அழைத்தார். அவர்களில் சிலர் இன்னும் உயிரோடு இருந்தார்கள், அதே நகரில் இருந்தார்கள், அழைப்பு வந்தால் வாசிக்கத் தயாராக இருந்தார்கள். அழைப்போர்தான் குறைந்துபோயிருந்தனர். இத்தொகுப்பைப் பற்றி எழுதியோர் பலர் பாடகரின் குரலைப் பற்றியே பேசினர். பியானோவையும் ஸ்டீல் கிட்டாரையும் கவனித்துக் கேட்பவருக்கு அதன் பாதிச் சிறப்பு அங்கே இருப்பது புரியும்.

பாடல்கள்

முதல் பாடல் லைஃப் எய்ன்ட் ஃபேர் அண்ட் தி வேர்ல்டு இஸ் மீன். வாழ்க்கை நேர்மையானதல்ல, உலகம் கொடியது என்பது தலைப்பின் பொருள். ஓர் இசைத்தட்டு நிறுவன ஆள் பாடகனிடம் குரலைத் தெளிவாக்கச் சொல்கிறான். சட்டத்துக்கு அடங்காத முரடர்களைப் பற்றியும் பழைய காலத்தைப் பற்றியும் பாடச் சொல்கிறான். பழமையே விற்பனைச் சரக்காகிவிட்டதைப் பகடி செய்யும் பாடல் இது. மரபு பேசும் தொகுப்பு ஒன்று மரபு வியாபாரத்தைக் கேலிசெய்து தொடங்குவது கவனிக்கத்தக்கது.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1950களின் இறுதியில், இளைஞர்கள் ராக் அண்ட் ரோல் பக்கம் சாய்ந்ததால், நாஷ்வில் தயாரிப்பாளர்கள் பிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் ஒதுக்கி, வயலின் குழுக்களையும் பின்னணிக் குரல்களையும் சேர்த்து மென்மையாக்கினர். நாஷ்வில் ஒலி என்று அதற்குப் பெயர். 1970களில் வேலன் ஜென்னிங்ஸும் வில்லி நெல்சனும் அதை எதிர்த்தனர். தம் குழுவோடு தாமே பதிவுசெய்யும் உரிமையை ஜென்னிங்ஸ் தம் நிறுவனத்தோடு வாதாடிப் பெற்றார். 1976இல் வெளிவந்த வாண்டட்! தி அவுட்லாஸ் என்ற கூட்டுத்தொகுப்பு பிளாட்டினம் சான்று பெற்ற முதல் கண்ட்ரி தொகுப்பானது. எதிர்ப்பும் அன்றிலிருந்து ஒரு விற்பனை வகையாகிவிட்டது. தாடியும் தொப்பியும் வைத்த ஒவ்வொரு புதுப்பாடகரையும் அடுத்த ஜென்னிங்ஸ் என்று விளம்பரப்படுத்தும் வழக்கம் வந்தது. அந்தப் பட்டம் தமக்கும் சூட்டப்படும் என்று தெரிந்தே சிம்ப்சன் முதல் பாடலை எழுதினார் போலும். சூட்டவும்பட்டது. குரலில் ஜென்னிங்ஸின் கனம் இருப்பது உண்மை. ஆனால் மெர்ல் ஹேகார்ட், மார்டி ராபின்ஸ், கீத் விட்லி ஆகியோரின் சாயலே மிகுதி என்று சொன்ன விமர்சகர்களும் உண்டு. சோகப் பாடல்களில் அவர்கள் பக்கமே நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது.

இரண்டாவது பாடல் ரெயில்ரோடு ஆஃப் சின் மலைநாட்டுப் புளூகிராஸ் வேகத்தில் ஓடுவது. ஆறாவதான யூ கேன் ஹேவ் தி கிரவுன் கையில் காசில்லாத பாடகன் தன்னைத்தானே கேலிசெய்துகொள்ளும் பாடல். வங்கியைக் கொள்ளையடிக்கலாமா என்று யோசிக்கும் அளவுக்கு அவன் வறுமை போகிறது. சொற்கள் சற்று முரடானவை. மேடைகளில் மக்கள் விரும்பிக் கேட்ட பாடல்களுள் இதுவும் ஒன்று. வாட்டர் இன் எ வெல் பிரிவைப் பாடுவது. தொகுப்பில் குரல் மிகவும் கனிந்து ஒலிப்பது இதில்தான். எட்டாவதான ஹீரோ தாய்வழிப் பாட்டனாரைப் பற்றியது. சுரங்கத் தொழிலாளியான அவரே சிறுவனாக இருந்த சிம்ப்சனுக்கு இசையில் பற்று வரச்செய்தவர். பாட்டனாரைப் பாராட்டும் பாடல்கள் எளிதில் உப்பிப்போகும். இது அப்படிப் போகாததற்குக் காரணம், அவரை மாவீரராக்காமல் உழைத்து வாழ்ந்த ஒரு மனிதராகவே காட்டுவது. கடைசிப் பாடலான ஐ'ட் ஹேவ் டு பி கிரேஸி டெக்சஸைச் சேர்ந்த ஸ்டீவன் ஃப்ரோம்ஹோல்ஸ் எழுதியது. வில்லி நெல்சன் 1976இல் பாடிப் புகழ்பெறச் செய்தது. ஏனைய பாடல்கள் பெரும்பாலும் சிம்ப்சன் எழுதியவை.

குறை இல்லாமலில்லை. நடுவிலுள்ள ஒன்றிரண்டு பாடல்கள் குடியும் பிரிவும் என்ற தேய்ந்த தடத்திலேயே செல்கின்றன. ஓல்டு கிங் கோல் பாடலையும் அவற்றையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒன்று வாழ்ந்து எழுதியது, மற்றது பழகி எழுதியது என்ற வேறுபாடு தெரிகிறது.

2013ஆம் ஆண்டு

அந்த ஆண்டு ஜனவரியில், முன்னணிக் கண்ட்ரி பாடகரான பிளேக் ஷெல்டன் தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில், பாட்டன்மார் கேட்ட இசையை இன்று யாரும் கேட்க விரும்பவில்லை என்ற பொருளில் பேசியது வெளியே வந்தது. பழைய பாணியை விரும்புவோரை இழிவாகவும் குறிப்பிட்டிருந்தார். 87 வயதான மூத்த பாடகர் ரே பிரைஸ் அதற்குச் சினந்து பொதுவெளியில் மறுமொழி எழுதினார். ஷெல்டன் மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு டிசம்பரில் பிரைஸ் காலமானார். மன்னிப்பு ஒருபுறம் இருக்க, விற்பனைப் பட்டியல் ஷெல்டன் சொன்னதையே காட்டியது. ஃப்ளோரிடா ஜார்ஜியா லைன் இருவர் குழுவின் க்ரூஸ் என்ற பாடல் கண்ட்ரி பட்டியலில் மொத்தம் 24 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. சரக்குந்து, பீர், இளம்பெண், கோடை இரவு ஆகியவற்றையே சுற்றிவரும் இவ்வகைப் பாடல்களுக்கு ப்ரோ-கண்ட்ரி என்ற பெயரை ஜோடி ரோசன் என்ற விமர்சகர் அந்த ஆகஸ்டில் வைத்தார்.

ஷெல்டன் பேச்சுக்கு ஐந்து மாதம் கழித்து, பாட்டனார் பெயரில் ஒரு பாடலும், பாட்டன்மார் காலத்து வாத்தியக்காரரும், பாட்டன்மார் உறங்கும் குன்றின் பெயரும் கொண்ட தொகுப்பு வந்தது. அது ஷெல்டனுக்கு விடையாகத் திட்டமிட்டதல்ல. ஆனால் கேட்டவர்கள் அப்படி எடுத்துக்கொண்டனர்.

அதே ஜூன் 11 அன்று, அதே டேவ் காப் தயாரித்த வேறொரு தொகுப்பும் வெளிவந்தது: ஜேசன் இஸ்பெல்லின் சவுத்ஈஸ்டர்ன். அதுவும் பாடகரின் சொந்த நிறுவனத்திலிருந்தே வந்தது. அந்த ஆண்டு விமர்சகர்களின் பாராட்டுப் பட்டியல்களில் இஸ்பெல்லே மேலே நின்றார். சிம்ப்சனின் தொகுப்பு மெல்லப் பரவியது. வானொலி ஒலிபரப்பவில்லை, ஊர் ஊராகச் சென்று சிறு அரங்குகளில் பாடியும், கேட்டவர் வாய்வழிச் செய்தியாலும் வளர்ந்தது.

விற்பனை முறையும் இங்கு குறிப்பிடத்தக்கது. பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்பவருக்கு முன்பணம் கிடைக்கும். பதிவுச் செலவும் விளம்பரச் செலவும் பாடகரின் பங்கிலிருந்து கழிக்கப்படும். மூலப்பதிவு நிறுவனத்துக்கே சொந்தம். சிம்ப்சன் அணுகிய தர்ட்டி டைகர்ஸ் என்ற நாஷ்வில் அமைப்பு 2001இல் தொடங்கப்பட்டது. பாடகர் தாமே பதிவுசெய்து கொண்டுவருவதை அது கடைகளுக்கும் இணையத்துக்கும் எடுத்துச்செல்லும். மூலப்பதிவு பாடகருக்கே உரியதாக இருக்கும். இழப்பு வந்தாலும் பாடகர் தலையில்தான். 35 வயதில், நிலையான வேலையை விட்டுவிட்டு வந்த ஒருவர் அந்த இடரை ஏற்றதை எளிதாக எண்ணிவிட முடியாது.

பின்னர்

2014 மே மாதம் சிம்ப்சனின் இரண்டாவது தொகுப்பான மெட்டாமாடர்ன் சவுண்ட்ஸ் இன் கண்ட்ரி மியூசிக் வெளிவந்தது. அதையும் காப் தயாரித்தார். ஏறத்தாழ 4,000 டாலர் செலவில் சில நாட்களில் பதிவானது. ரே சார்லஸ் 1962இல் வெளியிட்ட கண்ட்ரி தொகுப்பின் பெயரைத் திருப்பிச் சொல்லும் தலைப்பு அது. இசை பழையது, பொருள் முற்றிலும் புதியது: பிரபஞ்சத் தோற்றம், பௌத்தம், போதை தரும் காட்சிகள். தொடக்கத்தில் சில சொற்கள் பேசி அறிமுகம் செய்யும் குரல் அதே பாட்டனாருடையது. அத்தொகுப்பு கிராமி பரிந்துரை பெற்றது. கண்ட்ரி இசையை மீட்க வந்தவர் என்று பத்திரிகைகள் எழுதின. அந்தப் பட்டத்தை அவர் ஏற்கவில்லை. 2016இல் அட்லாண்டிக் நிறுவனம் வெளியிட்ட எ செய்லர்ஸ் கைடு டு எர்த் தொகுப்பில் கொம்பு வாத்தியங்களும் சோல் இசையும் வந்தன. 2017இல் அதற்குச் சிறந்த கண்ட்ரி தொகுப்புக்கான கிராமி கிடைத்தது. முதல் தொகுப்பைப் போலவே இன்னொன்று வேண்டும் என்று காத்திருந்த இரசிகர்களில் ஒரு சாரார் ஏமாற்றமடைந்தனர். பழைய பாணியில் பாடியவர் அதிலேயே அடைபட்டிருக்க வேண்டும் என்பதும் ஒருவகையில் இசைத்தட்டு நிறுவன ஆளின் கோரிக்கைதான்.

நாஷ்வில்லோடு அவருக்கு இணக்கமும் ஏற்படவில்லை. 2016 ஏப்ரலில் மெர்ல் ஹேகார்ட் காலமானார். அவ்வாண்டே கண்ட்ரி இசைக் கழகம் ஒன்று ஹேகார்ட் பெயரில் விருது வழங்கியபோது, அவர் பாடிய வகை இசையைக் கைவிட்டவர்கள் அவர் பெயரை மட்டும் எடுத்துக்கொள்வதாகச் சிம்ப்சன் வெளிப்படையாகக் கண்டித்தார். 2017 நவம்பரில் நாஷ்வில்லில் கண்ட்ரி விருது விழா நடந்த அரங்கின் வாசலில், தம் கிராமி விருதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தெருப்பாடகர் போல் கிட்டார் வாசித்துப் பாடினார். சேர்ந்த பணத்தைக் குடியுரிமை அமைப்பு ஒன்றுக்குத் தருவதாக அறிவித்திருந்தார்.

அவர் திறந்த வழியில் வேறு சிலரும் வந்தனர். 2015இல் காப் தயாரிப்பில் வெளிவந்த கிறிஸ் ஸ்டேப்பில்டனின் டிராவலர் அவ்வாண்டுக் கண்ட்ரி விருதுகளில் மூன்றை அவருக்குப் பெற்றுத் தந்தது. கென்டக்கியின் லாரன்ஸ் மாவட்டத்தைச் சேர்ந்த டைலர் சில்டர்ஸின் பர்கேட்டரி 2017இல் வந்தது. அதைத் தயாரித்தவர்கள் சிம்ப்சனும் டேவிட் ஃபெர்குசனும். சுரங்கமும் மாத்திரையும் ஆட்கொண்ட அதே நிலத்தின் பாடல்கள் அதில் ஒலித்தன.

2020இல் சிம்ப்சன் கட்டிங் கிராஸ் என்ற பெயரில், தம் பழைய பாடல்களைப் பாஞ்சோ, மாண்டலின், பிடில் ஆகியவற்றோடு புளூகிராஸ் இசையில் மீண்டும் பதிவுசெய்தார். லைஃப் எய்ன்ட் ஃபேர், ரெயில்ரோடு ஆஃப் சின், ஓல்டு கிங் கோல் ஆகியவை அதில் மறுபடி வந்தன. மின்கருவிகள் இல்லாத அந்த வடிவில் ஓல்டு கிங் கோல் இன்னும் பழைய பாட்டுப்போல ஒலிக்கிறது. 2021இல் பாட்டனார் பாட்டியார் பெயரைத் தலைப்பாகக் கொண்டு, உள்நாட்டுப் போர்க்காலக் கென்டக்கியில் நடக்கும் கதைத்தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். தம் பெயரில் ஐந்து தொகுப்புகளுக்கு மேல் வெளியிடுவதில்லை என்று முன்பே சொல்லியிருந்ததால், 2024இல் வந்த பசாஜ் டு தெசிர் தொகுப்பில் ஜானி புளூ ஸ்கைஸ் என்ற புனைபெயரை வைத்துக்கொண்டார். பாடகர் பெயர் மாறியது. வெளியிட்ட நிறுவனத்தின் பெயர் ஹை டாப் மௌண்டன் என்றே இருந்தது.